‘நல்லாருக்கு’ என்று சொல்லக் கூடாது

அவள் எடுத்த படத்தைப் பார்த்து நான் முதன்முதலில் சொன்னது, “கறுப்புக் கூடிப்போச்சு” என்பதுதான். யாரும் என்னைக் கேட்கவில்லை. எனக்கு வாய் சும்மா இருக்காது. யாழ்ப்பாணத்திலிருந்து வேலைக்கென்று கண்டிக்கு வெளிக்கிட்டபோது அம்மா என் பெட்டிக்குள் பனம்பழப் பினாட்டும் எள்ளுருண்டையும் வைத்தார்; “வாயை அடக்கிக்கொண்டு இரு பிள்ளை” என்ற புத்திமதியையும் சேர்த்து வைத்தார். பினாட்டும் எள்ளுருண்டையும் மட்டும்தான் கண்டிவரை வந்து சேர்ந்தன.

அன்று மார்க்கெட்டுக்குப் பக்கத்துப் புடவைக் கடையொன்றில் சட்டைத் துணி வாங்கப் போயிருந்தேன். காசு மேசைக்கு மேலே சுவரில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம். படத்தில் கடை முதலாளி துணி அளக்கும் மேசைக்குப் பின்னால் நிற்கிறார். முகம் பாதி இருட்டுக்குள். காசு மேசையில் இருந்தவள் அவருடைய மகள், என் வயதுதான் இருக்கும். நான் சொன்னதைக் கேட்டதும் மிச்சக் காசை எண்ணுவதை நிறுத்திவிட்டாள்.

“ஒங்களுக்குப் படம் எடுக்கத் தெரியுமாக்கும்?”

“எடுக்கத் தெரியாது. கழுவத் தெரியும்.”

உண்மைதான். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் ஆய்வுகூட உதவியாளராக இருந்தேன். நுணுக்குக்காட்டி வழியே பேராசிரியர் எடுக்கிற படங்களையெல்லாம் கழுவி அச்சடிப்பது என் வேலைகளில் ஒன்று. அதற்கென்று ஓர் இருட்டறை இருந்தது. சனிக்கிழமை பின்னேரங்களில் அதை என் பாட்டுக்குப் பாவிக்கப் பேராசிரியர் அனுமதி தந்திருந்தார். பூச்சியின் காலையும் இலையின் நரம்பையும் கழுவிக் கழுவி எனக்கு அலுத்துப்போயிருந்தது. அவளிடமோ, மாமா ஒருவர் மெட்ராசிலிருந்து கொண்டுவந்த கமரா இருந்தது. நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு மேலிருந்து குனிந்து பார்க்கிற பெட்டிக் கமரா. கழுவுவதற்கு ஸ்டூடியோவுக்குக் கொடுத்துக் கொடுத்துத்தான் எல்லாம் இருட்டாக வருகிறது என்று ஒரே புலம்பல்.

“அப்ப சனிக்கிழமை வாறீரோ?” என்று கேட்டேன்.

“வாறேங்க்கா” என்றாள். கடைக்கு வருகிற பெண்கள் எல்லாரும் அவளுக்கு அக்காதான். பிறகு எவ்வளவு சொல்லியும் அந்த ‘அக்கா’வை அவள் விடவில்லை, நானும் அந்த ‘நீரை’ விடவில்லை.

அப்படித்தான் எங்கள் கூட்டு ஆரம்பித்தது. கமரா அவளுடையது, இருட்டறை என்னுடையது. ஒரு சுருளில் பன்னிரண்டு படம், ஆளுக்கு ஆறு. ஒரு கிழமை ஏழு நாளும் கமரா அவளிடம், மறு கிழமை என்னிடம். சனிக்கிழமை பஸ்ஸில் வந்து இறங்குவாள், கையில் எண்ணெய் ஊறிய பேப்பரில் உளுந்து வடை. “முதல்ல கையைக் கழுவும், நெகட்டிவில எண்ணெய் பட்டால் கொன்றுபோடுவன்” என்பேன். நெகட்டிவை இரண்டு பேருமாக யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்போம்; பிறகு அச்சடித்துக் கொடியில் காயப்போடுவோம். காய்ந்ததும் தொடங்கும் சண்டை.

சண்டைக்கு ஒரேயொரு சட்டம் இருந்தது: ‘நல்லாருக்கு’ என்று சொல்லக் கூடாது. அதைப் போட்டவள் அவள்தான். இரண்டாவதோ மூன்றாவதோ சனிக்கிழமை, அவள் எடுத்த ஒரு படத்தைப் பார்த்து, அம்மாவின் புத்திமதி ஞாபகம் வந்து, “வடிவாயிருக்கு” என்றேன். சட்டென்று படத்தைப் பறித்தாள்.

“அக்கா, நான் கடைக்காரன் மக. எங்ககிட்ட சேலை பாக்க வர்றவங்க ரெண்டு வகை. ‘நல்லாருக்கு, நல்லாருக்கு’ன்னு சொல்றவங்க சேலைய மடிச்சு வச்சுட்டுப் போயிருவாங்க. ‘கரை சரியில்ல, கலர் போயிருமா, முந்தி சின்னதா இருக்கே’ன்னு நோண்டுறாங்க பாருங்க, அவங்கதான் வாங்குவாங்க. நீங்க வாங்குற ஆளா, போற ஆளா?”

“வாங்கிற ஆள்தான்” என்றேன்.

“அப்ப கொறை சொல்லுங்க.”

அட, அதற்கா எனக்குச் சொல்லித்தர வேண்டும்! கடுகண்ணாவைக் கணவாயை ரயில் கோச்சிக்குள்ளிருந்து படமெடுத்துக்கொண்டு வந்தாள். யன்னல் கம்பிதான் மலையைவிடப் பெரிதாக நின்றது. “மலையைக் கம்பிக்குப் பின்னால மறியலில போட்டிருக்கிறீர்” என்றேன். மூக்கைச் சுளித்தாள், ஆனால் அடுத்த தடவை கம்பி வரவில்லை. அவளும் சளைத்தவள் அல்ல. ஒரு விடியற்காலையில் எழும்பிப் போய்க் கண்டி வாவியை எடுத்திருந்தேன். அதைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தாள், நேராகப் பிடித்துப் பார்த்தாள்.

“வாவி இருக்கு. மரம் இருக்கு. நீங்க என்னத்தப் பாத்தீங்கன்னு தெரியுது. என்னத்த நெனச்சுப் பாத்தீங்கன்னுதான் தெரியல.”

எனக்கு விசர் வந்தது. அந்தக் கிழமை முழுக்க அவளை மனதுக்குள் திட்டினேன். திட்டி முடித்துப் பார்த்தால், அவள் சொன்னதுதான் சரி. வேறு யார் அப்படிச் சொல்வார்கள்? வீட்டுக்குப் படம் அனுப்பினால், “பிள்ளை கெட்டிக்காரி” என்று எழுதுவார்கள். கூட வேலை செய்கிறவர்களிடம் காட்டினால், “ஹரி லஸ்ஸனய்”, நல்ல வடிவு என்று சிங்களத்தில் சொல்லிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போவார்கள். என் படத்தோடு மல்லுக்கட்ட இந்த உலகத்தில் ஒருத்தி இருந்தாள் என்பதை நினைத்தால் இப்போதும் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

என் படங்களில் அவள் கண்ட பெரிய குறைகள் இரண்டு. ஒன்று, எனக்கு எதையும் வெளியே விட மனம் வராது. எல்லாவற்றையும் படத்துக்குள் அடைத்து வைப்பேன். அதற்கு அவள் அச்சுத்தாள் பெட்டியின் மட்டையில் ‘ட’ வடிவத்தில் இரண்டு துண்டு வெட்டி வைத்திருந்தாள். அவற்றைப் படத்தின்மேல் இந்த மூலையிலும் அந்த மூலையிலும் வைத்து நெருக்கிக்கொண்டு வருவாள். “இந்தா, இவ்வளவுதான் படம். மிச்சத்த வெட்டுங்க.” “வெட்டமாட்டன்.” “வெட்டுங்க அக்கா!” மற்றது, என் நிழல். வெயிலுக்கு முதுகைக் காட்டி நிற்பேனா, படத்தின் அடியில் குனிந்த தலையோடு என் நிழலும் வந்து விழும், கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கிற பொம்பிளை மாதிரி. “அய்யோ, இந்தம்மா இங்கயும் வந்துட்டாங்க!” என்று விழுந்து விழுந்து சிரிப்பாள். எத்தனை தரம் சொல்லியும் அந்த நிழலை வெளியே நிறுத்த எனக்குத் தெரியவில்லை.

பிறகு, தமிழருக்கு எதிராக நாடெங்கும் கலவரம் வெடித்த அந்த எண்பத்துமூன்று ஆடி மாதம் வந்தது. நான் கூட வேலை செய்த சிங்களப் பெண்ணின் வீட்டுப் பின்னறையில் ஒளிந்திருந்தேன். கண்டிப் பக்கம் புகை எழும்புவது தெரிந்தது என்று அந்தச் சிங்களப் பெண்ணின் அண்ணன் வந்து சொன்னார். புடவைக் கடை எரிய எவ்வளவு நேரம் பிடிக்கும்? கடைக்கு மேல் மாடியில்தான் அவர்களுடைய வீடு. அவளும் அப்பாவும் அம்மாவும் தம்பியும் ஒரு பெட்டியோடு பின்பக்கத்தால் இறங்கிப் பக்கத்து முஸ்லிம் கடைக்காரரின் வீட்டுக்குள் ஓடியதால் உயிர் தப்பினார்கள்; பிறகும் அங்கேயே தங்கினார்கள். கடையின் படங்கள் கடையோடு போயின, நான் ‘கறுப்புக் கூடிப்போச்சு’ என்று சொன்ன அந்தப் படமும்தான். கமரா மட்டும் பிழைத்தது. அது என் கிழமை.

அவர்கள் எடுத்துக்கொண்டு ஓடிய பெட்டிக்குள் இந்தியப் பாஸ்போட்டுகள் இருந்தன. இந்திய வம்சாவளிக் குடும்பம் என்று எப்போதோ எடுத்து, போக மனமில்லாமல் வருடக்கணக்காகப் பூட்டி வைத்திருந்தவை. இப்போது அவளுடைய அப்பா அவற்றை வெளியே எடுத்துவிட்டார். “இனிமே இங்க இருந்து எதுக்கும்மா? போறோம்” என்றார். தலைமன்னார் போய்க் கப்பலேறி, திருச்சிப் பக்கம். அவர் பிறந்தது கண்டியில். திருச்சியை அவர்களில் ஒருவரும் கண்ணால் கண்டதில்லை.

போவதற்கு முன் ஒரு குடும்பப் படம் வேண்டும் என்றார்கள். அவளும் படத்தில் நிற்க வேண்டுமே, ஆகவே நான் எடுக்க வேண்டும். வாவிக் கரைக்குப் போவோம், பூந்தோட்டத்துக்குப் போவோம் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன்.

“இங்கயே எடுங்கம்மா” என்றார் அப்பா. எரிந்த கடை வாசலில் நால்வரும் வரிசையாக நின்றார்கள். மேலே கரி பிடித்த சுவர், பாதி எழுத்துப் போன பெயர்ப் பலகை. பின்னேர வெயில் அவர்கள் முகத்தில். குனிந்து பார்த்தபோது கமராக் கண்ணாடிக்குள் நால்வரும் சின்னதாய் நின்றார்கள். ஒரேயொரு படம்தான் எடுத்தேன்.

நெகட்டிவை எப்போதும்போல இருவருமாக யன்னலில் பிடித்துப் பார்த்தோம். அன்றைக்கு அச்சடிக்க நேரம் போதவில்லை. ஊரடங்குக்கு முன் அவள் கண்டிக்குத் திரும்ப வேண்டும். அந்தக் கிழமை நான் தனியாக அச்சடித்தேன். அவள் எனக்குச் சொல்லித்தந்த எல்லாவற்றையும் ஒருதரமாவது ஒழுங்காகச் செய்து காட்ட வேண்டும் என்று ஒரு பிடிவாதம். ‘ட’ மட்டைகளை வைத்து நெருக்கினேன். எரிந்த சுவரை வெட்டினேன்; அதைக் கடல் தாண்டிக் கொண்டுபோய் யாருக்குக் காட்டுவது? அடியில் வழக்கம்போல என் நிழல், அவளுடைய காலடிவரை நீண்டு கிடந்தது. அதையும் வெட்டினேன். நாலு முகமும் தோளும் மட்டும், ஸ்டூடியோவில் எடுத்தது மாதிரி. என் வாழ்நாளில் அவ்வளவு சுத்தமாக ஒரு படம் நான் அச்சடித்ததில்லை.

அதைக் கொண்டுபோய் அவள் கையில் கொடுத்தேன். கரி மணம் போகாத அந்த வாசலில் நின்று பார்த்தாள். தலைகீழாகப் பிடிக்கவில்லை. வெளிச்சத்துக்குத் திருப்பவில்லை.

“நல்லாருக்கு அக்கா” என்றாள்.

முகத்தில் அறைந்ததுபோல இருந்தது. “என்ன சொன்னீர்?”

“நல்லாருக்குன்னேன்.”

“ஒரு குறையும் இல்லையோ?”

“இல்லக்கா.”

“சும்மா பொய் சொல்லாதையும்! எனக்கு உம்மட உபசாரம் தேவையில்லை” என்று நடுத் தெருவில் நின்று கத்தினேன். அவளுடைய அம்மா பக்கத்து வீட்டிலிருந்து தேத்தண்ணியோடு வந்து நிற்க, குடிக்காமலே வந்துவிட்டேன். பஸ்ஸில் வரும்போது அவளுடைய சேலைக் கதைதான் திரும்பத் திரும்ப வந்தது. நல்லாருக்கு என்கிறவர்கள் மடித்து வைத்துவிட்டுப் போகிறவர்கள். அவள் போய்விட்டாள், உடம்பு மட்டும்தான் இன்னும் கண்டியில் நிற்கிறது என்று நினைத்து அழுதேன்.

அதற்குப் பிறகு இரண்டு சனிக்கிழமை அவள் வரவில்லை. நானும் போகவில்லை. எனக்கு ரோசம், அவளுக்கு என்னவென்று தெரியாது.

போகிற அன்று மட்டும் மனம் கேட்கவில்லை. கண்டி ஸ்டேசனுக்குப் போனேன். மேடை முழுக்க ஒப்பாரி. இந்தியாவுக்குப் போகத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்தவர்களும் பட்டணத்தவர்களும் ஒருவரையொருவர் கட்டிப் பிடித்து அழுதுகொண்டிருந்தார்கள். அவள் யன்னலோரம் இருந்தாள், மடியில் நான் திருப்பிக் கொடுத்திருந்த கமரா. “சாப்பிட்டீரோ?” என்று கேட்டேன். “சாப்புட்டேங்க்கா.” “தண்ணிப் போத்தல் இருக்கோ?” “இருக்குங்க.” இவ்வளவு வருடம் சண்டை போட்ட இரண்டு பேர் பேசுகிற பேச்சா இது? விசில் ஊதினார்கள். கோச்சி அசைந்தது. நான் கையைக் கூட ஒழுங்காக ஆட்டவில்லை.

திடீரென்று அவள் பாதி உடம்பை யன்னலுக்கு வெளியே நீட்டினாள்.

“அக்கா! அந்தப் படம் சரியில்ல!”

நான் கோச்சியோடு ஓடத் தொடங்கினேன்.

“ஏன் வெட்டுனீங்க? மேல எங்க கடை எங்க? எரிஞ்சா எங்க கடை இல்லன்னு ஆயிருமா?”

“நீர்தானே எப்பவும் வெட்டச் சொன்னனீர்!” என்று நானும் ஓடிக்கொண்டே கத்தினேன்.

“அது வேற படம்! கடைசியில சண்டை வேணாம்னு பாத்தேன், முடியல! முழுசாப் போடுங்க! ஒங்க நிழலு எங்க? எங்காலுகிட்ட வந்துச்சே, நெகட்டிவுல பாத்தேனே! அதப் போய் வெட்டிட்டீங்களே, புத்தியிருக்கா ஒங்களுக்கு?”

மேடை முடிந்துவிட்டது. மூச்சு வாங்க நின்றேன். சுற்றி நின்றவர்கள் எல்லாம் அழ, நான் ஒருத்தி மட்டும் அழுதுகொண்டே சிரித்துக்கொண்டிருந்தேன்.

நேரே பேராதனைக்குப் போனேன். நெகட்டிவை முழுசாக வைத்தேன், ஓர் ஓரமும் விடாமல். மருந்துத் தட்டுக்குள் தாளைப் போட்டால் முதலில் மேலே வருவது கறுப்புத்தான். அடியில் என் நிழல் வந்தது. பிறகு மேலே எரிந்த சுவர். கடைசியாகத்தான் அவர்களுடைய முகங்கள் வந்தன. இரண்டு பிரதி அடித்து, அடுத்த கோச்சியில் போன ஒரு குடும்பத்தின் கையில் ஒன்றை அவளிடம் சேர்க்கச் சொல்லிக் கொடுத்துவிட்டேன்.

பல மாதங்கள் கழித்துத் திருச்சியிலிருந்து ஒரு தபாலட்டை வந்தது. நலமா என்று கேட்கவில்லை, நன்றியும் சொல்லவில்லை. அவளுடைய கோணல் எழுத்தில் ஒரேயொரு வரி:

“கறுப்புக் கூடிப்போச்சு. இன்னொண்ணு போட்டு அனுப்புங்க.”

என்னிடமிருந்த மற்றப் பிரதியை எடுத்து யன்னலடியில் வைத்துப் பார்த்தேன். அவள் சொன்னது சரிதான். அன்று பின்னேரமே இன்னொன்று போட்டேன்.