பிணை நின்றவள் வரைந்த முகம்

பேனா முனை மைக்குள் போய், போத்தல் விளிம்பில் ஒரு தடவை உரசி, தாளுக்கு வந்தது. உச்சியிலிருந்து நெற்றியோரமாக ஒரு கோடு. முடிகிற இடத்தில் கை தானாக எழும்ப, கோடு மெலிந்து நின்றது. பக்கத்தில் இன்னொன்று. சுண்டுவிரலின் கீழே கிடந்த பழந்துணித் துண்டு கையோடு சேர்ந்து நகர்ந்தது. வியர்வை பட்டால் மை ஊறிவிடும். இடது கை தாளைச் சற்றுச் சற்றாகத் திருப்பிக் கொடுத்தது. தலைமயிர் முடிந்தது. காது, கழுத்து, சட்டைக் கொலர் எல்லாம் முன்பே முடிந்திருந்தன. நடுவில் முகம் மட்டும் வெள்ளையாகக் கிடந்தது.

முகங்களை ஆதிரை கடைசியாகத்தான் வரைவாள். மங்கா என்கிற ஜப்பானியச் சித்திரக்கதையை அவளுக்கு யாரும் படிப்பிக்கவில்லை. ஜெர்மனியின் எசன் நகர நூலகத்துப் புத்தகங்களைப் பார்த்து வரைந்து, பிழைத்ததைக் கிழித்து, திரும்ப வரைந்து பழகியது. காலையில் பேக்கரியில் பாண் விற்பாள். மத்தியானத்துக்குப் பிறகு இந்த மேசைதான். ஹம்பேர்க்கில் ஒரு சிறிய பதிப்பகம் அவளுடைய கதையின் இரண்டு பாகங்களை ஜெர்மன் மொழியில் வெளியிட்டிருந்தது. மூன்றாம் பாகத்தோடு கதை முடிகிறது. அதற்கு இந்த ஒரு பக்கம்தான் பாக்கி.

பூட்டிய வீடொன்றுக்குள் ஐந்து சிநேகிதர்கள் சீட்டுப் பிடிப்பதுதான் கதை. எல்லாரும் போட்ட காசில் யார் ஆகக் கூடுதலான கழிவை விட்டுக்கொடுக்கச் சம்மதிக்கிறாரோ, அவருக்கே அந்த முறைச் சீட்டு. கழிவை மற்றவர்கள் பங்கிட்டுக்கொள்வார்கள். ஒருவர் எவ்வளவு வரை போவார் என்பது வெளியில் தெரிந்தால் அவர் கதை முடிந்தது. ஐவரில் ஒருத்தி அதைச் சிநேகிதியின் வாயிலிருந்தே அறிந்துகொண்டு அவளைக் கவிழ்த்துவிடுகிறாள். அவள் யார் என்பது இந்தப் பக்கத்தில்தான் வெளிப்படும். இப்படியொரு விளையாட்டை எங்கிருந்து கற்பனை செய்தாய் என்று ஜெர்மன் வாசகர்கள் கேட்டார்கள். சீட்டு நடத்தும் குணேஸ்வரி அக்கா வீட்டு வரவேற்பறையில், றோல்ஸும் தேநீரும் சுற்றிவர, ஞாயிற்றுக்கிழமைகளில் நடப்பதுதான் அது என்று ஆதிரை எவருக்கும் சொல்லவில்லை.

அந்தச் சீட்டில் துஷானியைச் சேர்க்கச் சொன்னவளே ஆதிரைதான். இருவரும் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். பிணை யார் என்று குணேஸ்வரி அக்கா கேட்க, ஆதிரை கையை உயர்த்தினாள். சீட்டில் பிணைக்குக் கடதாசி கிடையாது. உயர்த்திய கைதான் கடதாசி. ஒரு வருடம் வேலையை விட்டுவிட்டு வரையவேண்டும், இந்த முறை எனக்குச் சீட்டு வேணும், இவ்வளவு வரைக்கும் கேட்பேன் என்று துஷானியிடம் தொகையையும் சொன்னாள். நான் வாயே திறக்கமாட்டேன் என்றாள் துஷானி. ஏலத்தில் ஆதிரை தன் எல்லைக்கு வந்து நின்றபோது, எதிர்ச் சோபாவிலிருந்து துஷானி ஐம்பது யூரோ கூட்டிக் கேட்டாள். சீட்டை எடுத்தாள். குடும்பத்தோடு ஹம்பேர்க்குக்குப் போனாள். சில மாதங்களில் தன் மாதப் பங்கைக் கட்டுவதையும் நிறுத்தினாள். பிணை நின்றவள் இரண்டு பங்கும் கட்டினாள், பேக்கரியிலேயே நின்றாள், அங்கிருந்துகொண்டே இந்தக் கதையைத் தொடங்கினாள்.

கவிழ்க்கிறவளுக்கு மோனா என்று பெயர் வைத்தாள். முதல் பாகத்திலேயே அவளுடைய இடது புருவத்தை வெட்டிக்கொண்டு ஒரு தழும்பு வரைந்தாள். பள்ளிக்கூடக் கதவு அடித்துத் துஷானிக்கு வந்த தழும்பு. எசனில் எல்லாருக்கும் அது தெரியும். தெரியவேண்டும் என்றுதான் வரைந்தாள்.

இந்தச் சனிக்கிழமை மணி அடித்தபோது, கதவுக்கு வெளியே அந்தப் புருவம் நின்றது.

துஷானி ரயிலில் வந்திருந்தாள். கோட்டைக் கழற்றாமலே மேசையைப் பார்த்தாள், முகமில்லாத பக்கத்தைப் பார்த்தாள், கதிரையின் நுனியில் இருந்தாள். தன் மகள் ஜெனிஷாவுக்குப் பதின்மூன்று வயது என்றாள். முதல் பாகத்தைத் தானே கடையில் வாங்கியிருக்கிறாள். புருவத்தைத் தொட்டுக்காட்டி, இது நீங்கள்தானே என்று தாயைக் கேட்டிருக்கிறாள். வகுப்பு முழுக்க, என் அம்மா மங்காவில் வாறா என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிகிறாளாம்.

“அவள்தானே?” என்று துஷானி கேட்டாள். “கடைசியில மோனாதானே?”

ஆதிரை பேனாவைத் துடைத்தாள். “ஓம்.”

துஷானி கைப்பையிலிருந்து ஒரு தடித்த உறையை எடுத்து மைப்போத்தலுக்குப் பக்கத்தில் வைத்தாள். கட்டாமல் விட்ட சீட்டுக்காசு முழுவதும் இருக்கிறது என்றாள். ஐந்து பேரில் வேறு யாரையாவது அந்த இடத்தில் போடச் சொன்னாள்.

“இது எனக்கு வரவேண்டிய காசு,” என்றாள் ஆதிரை. “என்ர காசையே கொண்டுவந்து என்னட்ட விலை பேசுறியோ? நீ அண்டைக்கே நல்லா ஏலம் கேட்டனி, எடி. இன்னும் அந்தப் பழக்கம் கை விட்டுப் போகேல்லை.”

துஷானியின் முகம் சுருங்கியது. ஆனால் அவள் எழும்பவில்லை.

ஆதிரை உறையை எடுத்து மேசை லாச்சிக்குள் வைத்து மூடினாள். சீட்டுக்கணக்கு அதோடு சரி, மோனா வேறு கணக்கு என்றாள். பதிப்பகத்து லாரா திங்கட்கிழமை காலையில் பக்கத்தைக் கேட்கிறாள். ஒரே ஒரு குறைதான் லாரா சொல்லியிருந்தாள்: மோனா ஏன் அப்படிச் செய்தாள் என்பது நம்பும்படியாக இல்லை. அது ஆதிரைக்கே தெரியாது. மூன்று வருடமாக ஒரு தடவைகூட அவள் கேட்டதில்லை.

“ஏன் செய்தனி?”

கணவன் கடை எடுக்க முற்பணம் தேவைப்பட்டது என்று துஷானி தொடங்கினாள். கடைச் சொந்தக்காரன் அவசரப்படுத்தினான் என்றாள். கீழே தெருவில் ட்ராம் ஒன்று வந்து நின்று போயிற்று.

“இல்லை,” என்றாள் துஷானி. “கடை ஒரு மாதம் பொறுத்திருக்கும். அடுத்த முறை எடுத்திருக்கலாம்.”

“பிறகு?”

“நீ அந்தத் தொகையைச் சொன்னாய். தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு, யோசிக்காமல் சொன்னாய். இவளால என்ன செய்ய ஏலும் எண்ட மாதிரி. நீ வேலையை விட்டுப்போட்டுப் போகப்போறாய், நான் உனக்குக் கை தட்டிக்கொண்டு அங்கயே இருக்கப்போறன். அந்த ஒரு நிமிசம் உனக்கு என்னைப் பார்த்துப் பயம் வரவேணும்போல இருந்தது.” சற்று நிறுத்தினாள். “வந்தது. பார்த்தனான். பிறகு உன்ர முகத்தைப் பார்க்க ஏலாமல்தான் ஊரை விட்டுப் போனது.”

ஆதிரை பேனாவை மையில் தோய்த்தாள்.

“அசையாதை,” என்றாள்.

துஷானிக்கு விளங்கிற்று. எழும்பிப் போயிருக்கலாம். கதவு இரண்டு எட்டில் இருந்தது. அவள் கோட்டின் பொத்தான்களைக் கழற்றி, சன்னல் வெளிச்சம் விழும் பக்கமாகத் திரும்பி இருந்தாள்.

அந்த முகத்துக்காக ஆதிரை தனித்தாள்களில் எத்தனையோ தடவை ஒரு சிரிப்பை வரைந்து பழகியிருந்தாள். ஒரு பக்கமாக ஏறிப்போகும் மெல்லிய சிரிப்பு. இப்போது எதிரே பார்த்தால் அதற்கு இடமே இருக்கவில்லை. நேரே பார்க்கும் கண்கள், உட்பக்கமாகக் கடித்துப் பிடித்த கீழுதடு. ஏலத்தன்று எதிர்ச் சோபாவில் இருந்ததும் இதே முகம்தான். அதில் ஒரு சிரிப்பு இருந்ததாக இவ்வளவு காலமும் தானே நம்பிக்கொண்டிருந்தது ஆதிரைக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் கண்டதை வரைந்தாள். கடைசியாக, புருவத்தை வெட்டிய தழும்பை ஒரே இழுப்பில் போட்டாள்.

மை காய்ந்தது. பிறகு ஆதிரை பக்கத்தை மெல்லிய தாளால் மூடி, இரண்டு மட்டைகளுக்கு நடுவே வைத்து, ஓரங்களை ஒட்டினாள்.

“லாராவின்ர ஒஃபிஸ் உங்கட S-Bahn ரயில் பாதையிலதான். திங்கள் காலமை குடுக்கவேணும். அதுக்கு முதல் ஜெனிஷாவுக்கு நீயே பிரிச்சுக் காட்டு. கடையில வாங்கிப் பார்க்க விடாதை.”

“ஃபோனில படம் எடுத்து வைச்சிட்டியே?”

“இல்லை. இது ஒண்டுதான் இருக்கு.”

“எடி, எடுத்துவை. ஆதிரை, தயவுசெய்து எடுத்துவை.” துஷானி முன்னால் சாய்ந்தாள். “திரும்பவும் என்னை ஏன் நம்புறாய்?”

“நம்புறன் எண்டு நான் சொல்லேல்லை.”

ஆதிரை மட்டையை நீட்டிக்கொண்டு நின்றாள். துஷானியின் கைகள் மடியிலேயே கிடந்தன. பிறகு அவள் எழும்பி, உள்ளங்கைகளைக் கோட்டில் அழுத்தித் துடைத்துவிட்டு, இரண்டு கையாலும் அதை வாங்கிக்கொண்டாள்.