மூன்றாவது பீரியடில் வந்த சர்க்குலர்

எங்கள் பள்ளியில் சர்க்குலர் நோட்டைப் படிக்கிற வழக்கம் எனக்குக் கிடையாது. கையெழுத்துப் போடுகிற வழக்கம்தான் உண்டு. பாடம் நடக்கும்போது அட்டெண்டர் அண்ணன் வாசலில் வந்து நிற்பார், பேனாவை அவரே திறந்து நீட்டுவார், போட்டு அனுப்பிவிடுவேன். இத்தனைக்கும் நான் இங்கிலீஷ் டீச்சர். கேள்வியை முழுசாகப் படித்துவிட்டு எழுதுங்கள் என்று எட்டாம் வகுப்பைத் தினமும் திட்டுகிறவள்.

அன்றைக்கு மூன்றாவது பீரியடில் அவர் வந்தபோது கரும்பலகையில் பாதி வாக்கியத்தில் இருந்தேன். சாக்பீஸ் கையோடு கையெழுத்துப் போட்டேன்.

"இன்னா டீச்சர் போட்டிருக்காங்க? ரொம்ப நீளமா இருக்குது" என்றார். அவருக்கு இங்கிலீஷ் படிக்க வராது.

"ஒண்ணுமில்லண்ணா, எப்பவும் வர்ற பௌர்ணமி சமாச்சாரம்தான்" என்றேன்.

கிரிவலக் கூட்டத்தை முன்னிட்டு மாதாமாதம் ஒரு சர்க்குலர் வரும். அதுவாக இருக்கும் என்று நினைத்தேன். நினைத்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது, வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

பத்து நாள் கழித்து ஆபீசுக்குப் போனபோது கிளார்க் கேட்டார். "நீங்க ஏன் டீச்சர் வீட்டுக்காரர் ஆதார் ஜெராக்ஸ் தரல? இன்சூரன்ஸ் மாறுதில்ல? நேத்தோட லாஸ்ட். லிஸ்ட் அனுப்பியாச்சு."

நோட்டை வாங்கிப் படித்தேன். பள்ளி எங்களுக்கு எடுத்திருந்த மருத்துவக் காப்பீடு வேறு கம்பெனிக்கு மாறுகிறது. குடும்பத்தார் பெயரைப் புதிதாக எழுதித் தர வேண்டும். தராவிட்டால் அடுத்த மாதம் முதல் ஊழியருக்கு மட்டும்தான் காப்பீடு. டீச்சர்களின் வாட்ஸ்அப் குரூப்பிலும் போட்டிருந்தார்களாம். அதை நான் மியூட்டில் போட்டு ஒரு வருஷம் ஆகிறது.

என் வீட்டுக்காரர் நன்றாகத்தான் இருக்கிறார், அதனால் முதலில் எரிச்சல் மட்டும்தான் வந்தது. அப்புறம் பக்கத்தின் அடியில் அட்டெண்டர் அண்ணனின் கையெழுத்தைப் பார்த்தேன். தமிழில், குண்டு குண்டாக. அவர் மனைவிக்கு இதய வால்வு மாற்ற அடுத்த மாதம் வேலூரில் ஆபரேஷன். இன்சூரன்ஸ் இருக்கிற தைரியத்தில்தான் தேதி வாங்கினேன் என்று அவரே என்னிடம் சொல்லியிருந்தார்.

அவரும் ஜெராக்ஸ் எதுவும் தரவில்லை என்றார் கிளார்க். அவர் மனைவி பெயர் ஒன்றை மட்டும் இனிமேல் சேர்க்க முடியுமா என்று கேட்டேன். "மேல எழுதிக் கேட்டுப் பாக்கலாம். கேரண்டி இல்ல" என்றார் கிளார்க்.

மதியம் முழுக்க அண்ணன் கண்ணில் படாமல் ஒளிந்தேன். வராந்தாவில் அவர் செருப்புச் சத்தம் கேட்டாலே கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அந்த அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்று பயந்தேன். எல்லோர் முன்னாலும் என்னைக் கேட்டுவிட்டால் என்றும் பயந்தேன். இரண்டாவது பயம்தான் அடிக்கடி வந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேலேயே வெறுப்பாக இருக்கிறது.

கடைசி பெல்லுக்குக் கொஞ்சம் முன்னால் போய்ச் சொல்லிவிட்டேன். மணியடிக்கிற கம்பி அவர் கையில் இருந்தது. நான் படிக்காமல் சொன்னது, தேதி முடிந்தது, ஆபரேஷன் செலவுக்கு இனி காப்பீடு கிடைக்காமல் போகலாம் என்பது, எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. கேட் பக்கம் பார்த்தார். அங்கே வேன் டிரைவர்கள் ஆயாம்மாக்களோடு பேசிக்கொண்டு நின்றார்கள்.

"அவங்களும் இன்னான்னு கேட்டாங்க டீச்சர்" என்றார் மெதுவாக. "இங்கிலீஷ் டீச்சரே படிச்சுப் பாத்துச் சொன்னாங்க, ஒண்ணுமில்லியாம்னு சொல்லித்தான் எல்லார்கிட்டயும் கையெழுத்து வாங்கினேன்."

பிறகு நேரமாகிவிட்டது என்று மணியை அடித்தார். கேட்டில் நின்ற டிரைவர் ஒருவர் என்னைப் பார்த்து வழக்கம்போல வணக்கம் வைத்தார்.