எஸ்தர் முதலில் எழுதிய வாக்கியங்கள்

சனிக்கிழமை காலை ஒன்பது மணி இருக்கும். சின்ன காஞ்சிபுரத்தில் அலுவலகத்தின் மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தபோது எஸ்தரின் தம்பி அழைத்தான். "அண்ணா, அக்கா போயிடுச்சுண்ணா" என்றான். "எங்கே?" என்று கேட்டேன். ஐந்து மாதமாக அவர் மருத்துவமனையும் வீடுமாக இருந்தது எனக்குத் தெரியும். ஆனாலும் வாயில் அந்தக் கேள்விதான் வந்தது. அவன் அழத் தொடங்கிய பிறகே எனக்குப் புரிந்தது. கீழே ஜரிகைக் கடையின் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் அடங்கிய பிறகும் வெகுநேரம் படியிலேயே உட்கார்ந்திருந்தேன்.

உங்களில் பலர் அவரோடு வேலை செய்தவர்கள். அப்போது ஆறே பேர் கொண்டிருந்த நம் சிறிய மென்பொருள் நிறுவனத்தில் நான் நிரல் எழுதும் குழுவைப் பார்த்துக்கொண்டேன்; எஸ்தர் சோதனையாளராகச் சேர்ந்தார். ஏனாத்தூரைத் தாண்டி ஒரு காலனியில் வீடு. அப்பா ஏர் ஓட்டக் கூலிக்குப் போனவர், அம்மா அங்கன்வாடியில் சமைப்பவர். நேர்காணலில் ஒரு திரையைக் காட்டி, "இதில் என்னவெல்லாம் சோதிப்பீர்கள்?" என்று கேட்டேன். மற்றவர்கள் எல்லாம் உடனே பட்டியல் போட்டார்கள். எஸ்தர் திரையைப் பார்த்துவிட்டு, "இத யாருண்ணா யூஸ் பண்ணப் போறாங்க?" என்றார். கேள்விக்குக் கேள்வியா என்று எனக்குச் சற்று எரிச்சலாகத்தான் இருந்தது.

டயாலிசிஸ் மையம் ஒன்றில் நோயாளிகளுக்கு நேரமும் இயந்திரமும் ஒதுக்கும் மென்பொருள் வேலை நமக்கு வந்த சமயம், நான் புதிதாக ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்திருந்தேன். நிரலை எழுதும் முன்பே, அது சரியாக வேலை செய்கிறதா என்று கணினியே பார்த்துச் சொல்லும் சோதனையை எழுதிவிட வேண்டும். முதலில் அந்தச் சோதனை தோற்கும், திரையில் சிவப்பு வரும். பிறகு நிரலை எழுதினால் பச்சை வரும். சின்னச் சின்னத் துண்டுக்கெல்லாம் ஒரு சோதனை என்று நூற்றுக்கணக்கில் எழுதி வைத்தேன். எல்லாம் பச்சை. அந்தத் திரையைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பெருமையாக இருக்கும்.

எஸ்தர் அதைப் பார்த்துப் பெருமைப்படவில்லை. மையத்தின் தலைமைச் செவிலியர் கஸ்தூரியோடு இரண்டு நாள் உட்கார்ந்து எழுதிய நோட்டோடு வந்தார். தொற்று உள்ள நோயாளிக்குத் தனி இயந்திரம் ஒதுக்குவார்கள். அதை நம் மென்பொருள் செய்தது. ஆனால் முன்பதிவு முடிந்த பிறகு ரத்தப் பரிசோதனை முடிவு வந்து, அதில் தொற்று தெரிந்தால்? பழைய ஒதுக்கீடு அப்படியே நின்றது.

"அது மையத்தார் கொடுத்த பட்டியலில் இல்லை. அடுத்த பதிப்பில் பார்ப்போம்" என்றேன்.

"பட்டியல்ல இல்லதாண்ணா. ஆனா சிஸ்டர் வாயில இருக்குது. போய்க் கேட்டா சொல்லுவாங்க."

"எல்லாம் பச்சையாகத்தானே இருக்கிறது?"

"நீங்க கேட்ட கேள்விக்குப் பச்சை. அவங்க கேக்கற கேள்விய நாம இன்னும் கேக்கவே இல்லியே."

நான் கேட்கவில்லை. திங்கட்கிழமை தொடங்குவதாக வாக்குக் கொடுத்தாயிற்று என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

திங்கட்கிழமை காலை, யாரும் சொல்லாமலேயே, முதல் பேருந்தைப் பிடித்து எஸ்தர் அந்த மையத்துக்குப் போயிருக்கிறார். கஸ்தூரி சிஸ்டர் அன்று விடுப்பு. புதிதாகச் சேர்ந்த செவிலியர் ஒருவர் நம் திரையைப் பார்த்து நோயாளிகளை ஒவ்வொருவராக உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தார். எஸ்தர் பக்கத்தில் நின்று, கடைசி சில நாளில் வந்த பரிசோதனைத் தாள்களோடு ஒவ்வொரு பெயரையும் ஒப்பிட்டார். நான்காவது பெயரில் நிறுத்தினார். சனிக்கிழமை தொற்று உறுதியான ஒருவருக்குத் திரை பொது இயந்திரத்தை ஒதுக்கியிருந்தது. அவருக்கு அடுத்து அதே இயந்திரத்தில் படுக்க, இரண்டு பிள்ளைகளின் தாய் ஒருவர் வெளியே பெஞ்சில் காத்திருந்தார்.

காலை ஆறரை மணிக்கு எனக்கு அழைப்பு வந்தது. "அண்ணா, ஒண்ணும் ஆகல" என்றார். பிறகு, "ஆனா ஆயிருக்கும்" என்றார்.

நான் போய்ச் சேர்ந்தபோது எஸ்தர் அந்தப் பெண்மணியின் அருகே அமர்ந்து ஏதோ பேசிக்கொண்டிருந்தார். என்னிடம் குற்றம் சொல்லும் விதமாக ஒரு வார்த்தை பேசவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

மென்பொருளை நிறுத்தி வைத்தோம். சோதனையை முதலில் எழுதுவது என்பதை நாங்கள் விடவில்லை. எங்கிருந்து தொடங்குவது என்பதை மாற்றினோம். எஸ்தரும் கஸ்தூரி சிஸ்டரும் உட்கார்ந்து, மையத்தில் என்ன நடக்க வேண்டும், என்ன நடக்கவே கூடாது என்று தமிழில் வாக்கியம் வாக்கியமாக எழுதினார்கள். ஒவ்வொரு வாக்கியமும் ஒரு சோதனையானது. எல்லாவற்றுக்கும் எழுத நாள் போதாதே என்றேன். "எல்லாத்துக்கும் எழுதாதீங்கண்ணா. எது தப்பாப் போனா ஒரு ஆளு அழுவாங்களோ, அதுக்கு மொதல்ல எழுதுங்க" என்றார். வாராவாரம் மாறும் திரைகளுக்காக நான் எழுதியிருந்த சோதனைகளில் பாதியை அழித்தோம். எனக்கு வலித்தது. டயாலிசிஸ் நேரத்தைக் கணக்கிடும் பகுதியில் மட்டும் என் பழைய முறையே இருக்கட்டும் என்று அவரே சொன்னார். "அங்க உங்க வழிதான் கரெக்ட்டு. ஒரு நிமிஷம் தப்பினாலும் பிடிச்சிடுது."

மூன்று வாரம் தாமதமாகத்தான் தந்தோம். மையத்தார் கோபப்பட்டார்கள். பிறகு கஸ்தூரி சிஸ்டர் அந்த வாக்கியங்களை ஒருமுறை உரக்கப் படித்துக் காட்டினார். அதற்குப் பிறகு யாரும் கோபப்படவில்லை. அந்த மையத்தைப் பார்த்து வேறு மூன்று மருத்துவமனைகள் நம்மைத் தேடி வந்தன. நம் நிறுவனம் இன்று நிற்பது அதனால்தான்.

இனி நான் எழுதுவது எனக்குக் கூச்சமான விஷயம். சென்னையில் ஒரு கூட்டத்தில் இந்த முறையைப் பற்றி அரை மணி நேரம் பேசினேன். எஸ்தர் முதல் வரிசையில் இருந்தார். "நாங்கள்", "எங்கள் முறை" என்றே பேசி முடித்தேன். அவர் பெயரை ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. வேண்டுமென்று செய்யவில்லை என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். திரும்பும் பேருந்தில் ஜன்னல் பக்கம் பார்த்தபடி, "சொல்லியிருக்கலாம்லண்ணா" என்றார். அவ்வளவுதான். அந்த முறை எஸ்தருடையது. அவர் உயிரோடு இருக்கும்போது நான் சொல்லியிருக்க வேண்டியது இது.

மஞ்சள் காமாலை என்று நினைத்தது புற்றுநோயாக முடிந்தது. முப்பத்தாறு வயது. கடைசியாகப் பார்த்தபோது கை குச்சியாக இளைத்திருந்தது. அலுவலகம் பற்றிக் கேட்டார். எல்லாம் நன்றாகப் போகிறது என்றேன். "எல்லாம்னு சொன்னாலே எனக்குப் பயமா இருக்குதுண்ணா" என்று சிரித்தார். அவர் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அவரை அடக்கம் செய்து ஒன்பது நாள் ஆனது. மாதத்தின் முதல் வேலை நாள். எஸ்தரின் எண்ணிலிருந்தே அழைப்பு வந்தது. பேசியது அவர் அம்மா. "தம்பி, எஸ்தரு போனுக்கு ஆபீஸ்லர்ந்து மெசேஜ் வந்துக்கினே இருக்குது. இன்னிக்கு ஏன் வரலன்னு கேக்குது. நான் என்னா பதில் போடட்டும்?"

வருகைப் பதிவுக்கான அந்தச் சிறு மென்பொருள் நானே எழுதியது. எஸ்தரின் விடுப்பை மாதக் கடைசி வரை பதிந்து வைத்திருந்தேன். விடுப்பு முடிந்ததும் அது தன் வேலையைச் செய்திருக்கிறது. அந்தச் செய்தியை நிறுத்திவிட்டு எஸ்தரின் அம்மாவை அழைத்தேன். "இனிமே வராதும்மா" என்றேன். "வராதா?" என்று கேட்டார். பிறகு, "சரிப்பா" என்று வைத்துவிட்டார்.

அன்று மதியம் எஸ்தரின் கணினியைத் திறந்தேன். மையத்துக்கான வாக்கியங்களின் கடைசியில் ஒன்று சிவப்பாக நின்றது. அலுவலகத்துக்கு வந்த கடைசி நாளில் எழுதியிருக்கிறார். அதற்கான நிரலை யாரும் எழுதவில்லை. "இறந்துபோனவர் வீட்டுக்கு, நாளை வாருங்கள் என்று செய்தி போகக் கூடாது." கீழே ஒரு குறிப்பு: "இதப் பத்திக் கேட்டா கஸ்தூரி சிஸ்டர் அழறாங்க. சீக்கிரம் பண்ணணும்."

அந்த நிரலை இரண்டு இடத்திலும் எழுதினேன், மையத்துக்கும் நம் அலுவலகத்துக்கும். பச்சை வந்தது. அதைப் பார்த்து வழக்கமாக வரும் சந்தோஷம் வரவில்லை.

எஸ்தரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது அந்த வாக்கியத்தைத்தான். ஒரு வேலையைத் தொடங்கும் முன் அதைத் திறந்து படிக்கிறேன். செய்தி போய்ச் சேரும் வீட்டில், அதைக் கையில் எடுத்துப் படிக்கப்போவது யார் என்று ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, அதன் பிறகே முதல் வரியை எழுதுகிறேன்.