ஒன்பது சென்டிமீட்டர் பொய்யும் ஒரு பிளானும்

முப்பத்தாறு வருடம் காணி அளந்தேன். எல்லைக் கல்லைத் தள்ளி நடச் சொல்லிக் காசு காட்டியவர்களைக் கண்டிருக்கிறேன். கோர்ட் வாசலில் வைத்து என்னை ஏசியவர்களையும் கண்டிருக்கிறேன். ஆனால் என் டேப்பைப் பார்த்து ஒரு மனிதர் கண்கலங்கியது ஒரேயொரு முறைதான். அது காணிக்காக அல்ல, ஆசிய விளையாட்டுப் போட்டிக்காக.

இப்போது டோட்டல் ஸ்டேஷனும் ஜிபிஎஸ்ஸும் வைத்துக்கொண்டு வயலுக்கு இறங்கும் இளம் சேவையர்மாருக்கு இதைச் சொல்லவேண்டும் என்று கனகாலமாக நினைத்திருந்தேன்.

1. மாஸ்டரின் கொப்பி

தொண்ணூற்றுநாலாம் ஆண்டு. ஹிரோஷிமாவில் ஆசிய விளையாட்டுப் போட்டி முடிந்து மூன்று கிழமைக்குப் பிறகுதான் கொழும்புப் பத்திரிகை யாழ்ப்பாணத்தில் எங்கள் இணுவிலுக்கு வந்து சேர்ந்தது. சண்டையால் கரண்ட் இல்லாமல் நாலு வருடம் ஆகியிருந்தது. வாசிகசாலையில் அந்தப் பத்திரிகையை நாற்பது பேராவது வாசித்திருப்பார்கள். நாட்டின் அணி எதில் ஓடியது, எதில் பாய்ந்தது, எதில் வெறுங்கையோடு வந்தது என்று ஒவ்வொரு வரியாகப் பிய்த்தார்கள். தோற்றதற்குச் சிலர் சிரித்தார்கள். சிலர் கவலைப்பட்டார்கள். அந்தப் பட்டியலில் எங்கள் பக்கத்துப் பெயர் ஒன்றும் என் கண்ணில் படவில்லை. நான் சிரிக்கவும் இல்லை, கவலைப்படவும் இல்லை. எரிச்சல்தான் வந்தது.

அன்று பின்னேரம் செல்வரத்தினம் மாஸ்டர் சைக்கிளில் என் வீட்டுக்கு வந்தார். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டர். அவரிடம் ஒரு கொப்பி இருந்தது. எண்பத்தாறில் சியோலில் நடந்த ஆசியப் போட்டியிலிருந்து அதை எழுதி வருகிறார். இடது பக்கத்தில், நாட்டின் அணி ஆசியப் போட்டியில் ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் செய்த தூரமும் நேரமும். வலது பக்கத்தில், அதே நிகழ்ச்சியில் அந்த வருடம் குடாநாட்டில் ஒருவர் செய்தவற்றுள் சிறந்தது. சியோல், பெய்ஜிங் இரண்டிலும் எல்லா வரியிலும் வலது பக்கம் தோற்றிருந்தது. பென்சிலால் எழுதி, அழிக்காமல் அப்படியே வைத்திருந்தார்.

"சேவையர், இதைப் பாருங்கோ" என்று மூன்றாவது தாளைத் திருப்பினார். குண்டெறிதல் என்ற வரியில் வலது பக்கம் எட்டு சென்டிமீட்டர் கூட இருந்தது.

இடது பக்கத்து எண்ணை நான் இங்கே எழுதப்போவதில்லை. எண்ணைச் சொன்னால் எறிந்த ஆளைச் சொன்னதாகிவிடும். அவரோடு எனக்கு ஒரு கோபமும் இல்லை.

"ஆர் எறிஞ்சது?"

"எங்கடை நாகேந்திரம்தான். கொழும்புக்கு எழுதப்போறன். இப்ப சமாதானம் கதைக்கினம், பாதை திறந்தால் அடுத்த தெரிவுப்போட்டிக்கு அவனைக் கூப்பிடத்தான் வேணும். ஆனால் பி.டி. மாஸ்டரின்ரை அளவை ஆர் நம்பப்போகினம்? நீங்கள் லைசன்ஸ் உள்ள சேவையர். அளவு சரியெண்டு ஒரு கையெழுத்து வையுங்கோ."

நாகேந்திரத்தை எனக்குத் தெரியும். காங்கேசன்துறை ஆள், சீமெந்துத் தொழிற்சாலையில் மூட்டை ஏற்றியவர். தொண்ணூறில் சண்டையால் அந்தப் பக்கத்து ஆட்கள் எல்லாரும் கிளம்பியபோது இணுவிலில் சொந்தக்காரர் காணிக்கு வந்து, புகையிலைத் தோட்டத்துக்குப் பாத்தி பாத்தியாகத் தண்ணீர் மாறிக்கொண்டிருந்தார். வயது இருபத்தொன்பது. அடுத்த ஆசியப் போட்டிக்கு நாலு வருடம். இந்தத் தெரிவுக்குக் கூப்பிடாவிட்டால் பிறகு அவருக்கு வாய்ப்பே இல்லை.

"மாஸ்டர், நான் காணாத அளவுக்குக் கையெழுத்து வைக்கிறதில்லை. டேப்பை எண்டாலும் கொண்டாங்கோ, பாப்பம்" என்றேன்.

2. தையல்

அது முப்பது மீட்டர்த் துணி டேப். முற்றத்தில் விரித்து, பக்கத்தில் என் ஸ்டீல் டேப்பைப் போட்டு, இரண்டையும் ஒரே இழுவையில் பிடித்தோம். மூன்று மீட்டர்வரை இரண்டும் ஒன்றாகப் போயின. நாலாவது மீட்டரில் பிரிந்தன.

நாலாவது மீட்டரில் ஒரு தையல் இருந்தது. நல்ல தையல். தொண்ணூற்றொன்றில் டேப் அறுந்ததாம். பொருளாதாரத் தடைக்குள் புது டேப்புக்கு எங்கே போவது? மாஸ்டரின் மனைவி தைத்துக் கொடுத்தாராம். உறுதியாக இருக்கட்டும் என்று ஒரு நுனியை மற்ற நுனிக்கு மேல் ஏற்றி வைத்து, இரட்டை நூலால் நாலு வரி ஓட்டியிருந்தார். ஏற்றி வைத்த நீளம் ஒன்பது சென்டிமீட்டர். அந்த ஒன்பது சென்டிமீட்டருக்குரிய எண்கள் துணிக்கடியில் போய்விட்டன. அதாவது, மூன்று வருடமாக அந்தப் பள்ளிக்கூடத்தில் அளந்த ஒவ்வொரு எறியும் பாய்ச்சலும் உண்மையில் ஒன்பது சென்டிமீட்டர் குறைவு.

மாஸ்டருக்குக் கணக்குச் செய்ய அதிக நேரம் எடுக்கவில்லை. எட்டில் ஒன்பது போனால், நாகேந்திரம் ஒரு சென்டிமீட்டரால் தோற்றிருக்கிறார்.

"என்ரை மனிசி உறுதியாய்த் தைச்சது பிழையாப் போச்சே" என்றார். அப்போதுதான் அவர் கண் கலங்கியது. பிறகு என் முகத்தைப் பார்க்காமல், "ஒரு சென்டிமீட்டர்தானே சேவையர். கொழும்பிலை இருந்து ஆர் வந்து இந்தத் தையலைப் பாக்கப்போகினம்?" என்றார்.

"நான் பாத்திட்டனே" என்றேன்.

அந்த மனிதரை நோகடித்தேன் என்று எனக்குத் தெரியும். ஆனால் நாடே எங்களைக் குறைத்து அளக்கிறது என்று சொல்லிக்கொண்டு, நாங்கள் கூட்டி அளந்தால், பிறகு எந்த வாயால் நியாயம் கேட்பது?

3. "மத்தியானம் வையுங்கோ"

அடுத்த நாள் நானும் மாஸ்டரும் தோட்டத்துக்குப் போய் நாகேந்திரத்திடம் விஷயத்தைச் சொன்னோம். அவர் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைத்தான் பார்த்தார்.

"ஐயா, உங்கடை டேப் சரியோ?"

எனக்குச் சுருக்கென்றது. என்னிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. ஆனால் கேட்டது நியாயம். ஸ்டீல் டேப்பை எதற்கு ஒப்பிட்டுச் சரிபார்க்கிறோம், எவ்வளவு இழுவையில் பிடிக்கிறோம் என்று அவருக்கு விளங்கப்படுத்தினேன். இருபது டிகிரிக்குத்தான் அது சரி, வெயிலில் இரும்பு நீளும், நீண்டால் தூரம் குறைவாகத்தான் காட்டும் என்றும் சொன்னேன்.

"எவ்வளவு குறையும்?"

"குண்டெறியிற தூரத்துக்கு மூண்டு மில்லிமீட்டரும் வராது. காலமை வைச்சால் அதுவும் குறையும்."

"அப்ப மத்தியானம் வையுங்கோ" என்றார் நாகேந்திரம். "நட்டம் எனக்கு இருக்கட்டும். பிறகு ஒருத்தரும் வாய் திறக்கக்கூடாது."

பிறகு, மாஸ்டருக்கே தெரியாத ஒன்றைச் சொன்னார். "எண்பத்திமூண்டு ஆடியிலை எனக்குப் பதினெட்டு வயசு. தெரிவுப்போட்டிக்கு எண்டு கொழும்புக்குப் போனனான். என்ரை பேரைக் கூப்பிட முன்னம் கலவரம் தொடங்கீட்டுது. கப்பலிலை ஏத்தி காங்கேசன்துறையிலை கொண்டுவந்து இறக்கினவை. அண்டைக்கு வரவேண்டிய என்ரை முறை இன்னும் வரேல்லை."

நான் அன்றே முடிவு செய்தேன்: இந்த மனிதரின் முறையை நான் அளந்து கொடுப்பேன், ஆனால் ஒரு சந்தேகமும் எங்கள் பக்கம் சாயாதபடி.

4. தை மாதத்து மத்தியானம்

மாரி மழை விட்டு நிலம் இறுகும்வரை பொறுத்தோம். அந்த இரண்டு மாதமும் நாகேந்திரம் தண்ணீர் மாறிய நேரம் போக மற்ற நேரமெல்லாம் எறிந்தார்.

எறிகிற நாளுக்கு முதல்நாளே நான் பள்ளிக்கூட மைதானத்தில் லெவல் கருவி வைத்துப் பார்த்தேன். வட்டத்திலிருந்து குண்டு விழும் பக்கம் சரிந்திருந்தது. மூன்று அங்குலம். கண்ணுக்குத் தெரியாது, லெவலுக்குத் தெரியும். எறிபவரின் கால் தாண்டாமல் தடுக்கும் தடைப்பலகையைக் கழற்றி வட்டத்தின் மறுபக்கத்தில் அறையச் சொன்னேன். இனி எறிவது மேட்டை நோக்கி. "என்ன சேவையர், உங்களுக்கு எங்களோடை ஏதும் கோபமோ?" என்று மாஸ்டர் கேட்டார். குண்டைச் சங்கக் கடைத் தராசில் போட்டோம். விதித்த நிறையைவிட ஒரு சொட்டுக் கூடத்தான் இருந்தது. அதை அப்படியே விட்டோம்.

என்னோடு இருபது வருடம் அளவுச் செயின் பிடித்த கந்தையா அண்ணையைப் பலகைக்குப் பக்கத்தில் இருத்தினேன். ஒருநாளைக்குப் பத்துச் சொல் பேசமாட்டார். கையில், நேர்கோடு பிடிக்க நடும் எங்கள் ரேஞ்சிங் ரொட்டில் கட்டும் சிவப்புத் துணி. கால் பலகைக்கு மேல் பட்டால் அதைத் தூக்கவேண்டும். பார்க்க ஊர் திரண்டுவிட்டது.

முதல் மூன்று எறியும் குறைவு. நாலாவது எறி போன போக்கிலேயே சனம் எழும்பிவிட்டது. இடது பக்கத்து எண்ணைத் தாண்டி ஒரு முழத்துக்குக் குறையாமல் போயிருக்கும். கைதட்டல் ஓயமுன் நான் திரும்பிப் பார்த்தேன். கந்தையா அண்ணை சிவப்புத் துணியைத் தூக்கியிருந்தார்.

"கண் தெரியாத கிழவனைக் கொண்டுவந்து இருத்தியிருக்கினம்" என்று யாரோ கத்தினார்கள். கந்தையா அண்ணை அசையவில்லை. நாகேந்திரம் கூட்டத்தைப் பார்த்துக் கையைக் காட்டினார். "கத்தாதேங்கோ. அண்ணை சொன்னது சரி. கால் பட்டது எனக்குத் தெரியும்."

ஐந்தாவது எறிக்கு அவர் சனத்தைப் பார்க்கவில்லை, எங்களையும் பார்க்கவில்லை. குண்டு விழுந்த சத்தம் கேட்டது. கந்தையா அண்ணையின் துணி அவர் மடியில் இருந்தது. நான் குண்டுக் குழியின் கிட்டிய விளிம்பில் அரோ என்ற இரும்பூசியைக் குத்தி, வட்டத்தின் நடுவை நோக்கி டேப்பை இழுத்து, மூன்று முறை அளந்தேன். மூன்று முறையும் ஒரே எண். இடது பக்கத்தைவிடப் பதினொரு சென்டிமீட்டர் கூட. வெயிலுக்குரிய அந்த இரண்டொரு மில்லிமீட்டரை நான் சேர்க்கவில்லை.

ஆறாவது எறி மூன்று அடி குறைவு. அதை யாரும் பார்க்கவில்லை. மாஸ்டர் புல்லில் இருந்து, பழைய எண்ணை அழிக்காமல் ஒரு கோடு போட்டு வெட்டி, பக்கத்தில் புதிதை எழுதிக்கொண்டிருந்தார். இந்தமுறை பேனையால்.

5. கொழும்பிலிருந்து வந்த பதில்

கொழும்பில் ஒரு விளையாட்டுக் கந்தோருக்கு எல்லா விபரத்தையும் எழுதி அனுப்பினோம். பங்குனியில் பதில் வந்தது. ஆங்கிலத்தில் ஆறு வரி. தங்கள் மேற்பார்வையில் நடக்காத போட்டி என்பதால் அந்த அளவுக்கு எவ்வித மதிப்பும் இல்லை, வீரர் விரும்பினால் தன் செலவில் தெரிவுப்போட்டிக்கு வரலாம் என்றிருந்தது. கடிதம் எங்கள் கைக்கு வந்தபோது, அவர்கள் போட்டிருந்த தெரிவுப்போட்டித் திகதி கழிந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது.

மாஸ்டர் கடிதத்தை மடித்துக் கொப்பிக்குள் வைத்தார். எனக்குத்தான் கோபம் தலைக்கேறியது. கூப்பிடாததைக்கூட விட்டுவிடலாம். மதிப்பில்லையாம். இதே டேப்பால் நான் இழுத்த கோட்டை வைத்துத்தான் இந்த நாட்டு நீதிபதிகள் காணி பிரித்திருக்கிறார்கள். ஒரு பரப்புக் காணிக்கு என் அளவு செல்லும், ஒரு மனிதன் எறிந்த தூரத்துக்குச் செல்லாதா?

அன்றே மேசையில் இருந்து, எறிந்த நாளில் எழுதிவைத்த அளவுகளைக் கொண்டு பிளான் கீறினேன். வட்டத்தின் உள்விளிம்பு ஏ. குண்டு விழுந்த இடம் பி. இரண்டையும் பள்ளிக்கூடக் கிணற்றுக் கட்டின் மூலைக்கும் றோட்டு மதகின் கல்லுக்கும் தொடுத்து, கோணமும் தூரமும் எழுதினேன். வடதிசை அம்புக்குறி போட்டேன். என் பிளான் பதிவில் அடுத்த இலக்கம் கொடுத்து, கையெழுத்து வைத்து, முத்திரை குத்தினேன். ஒரு பிரதியைப் பதிவுத் தபாலில் கொழும்புக்கு அனுப்பினேன். ஒரு பிரதியை நாகேந்திரத்திடம் கொடுத்தேன்.

"இதை ஆர் ஐயா பாக்கிறது?"

"இந்த நாட்டிலை எந்தக் கோர்ட்டும் பாக்கலாம். இல்லையெண்டு சொல்லுறவை ஒரு சேவையரைக் கூட்டிக்கொண்டு வந்து அளந்துதான் இல்லையெண்டு சொல்லவேணும். நீர் கவனமாய் வைச்சிரும்."

பதில் வரவில்லை. சித்திரையில் சண்டை திரும்பத் தொடங்கியது. ஐப்பசியில் எங்கள் வலிகாமப் பகுதி முழுவதும் ஒரே நாளில் கிளம்பிக் கிழக்கே தென்மராட்சிக்கு நடந்தது. என் சைக்கிளில் ஒரு பெட்டிக்குத்தான் இடம். லெவலை விட்டுவிட்டுப் பிளான் பெட்டியைக் கட்டினேன். நாவற்குழிப் பாலத்தில் சனம் நெருக்கிச் சைக்கிள் சரிந்தபோது, பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்தது நாகேந்திரம்தான். எறிகிற தோளில்.

6. கடைசியாக

அடுத்த வருடம் ஊருக்குத் திரும்பியபோது மைதானத்தில் வட்டமும் இல்லை, பலகையும் இல்லை. இடுப்பளவு புல். கிணற்றுக் கட்டில் ஒரு மூலை மிஞ்சியிருந்தது. மதகுக் கல் இருந்தது. எனக்கு அது போதும். கந்தையா அண்ணை டேப் பிடிக்க, பிளானைப் பார்த்து முதலில் ஏ, பிறகு பி என்று இரண்டு புள்ளியையும் நிலத்தில் பிடித்தேன். பி-யில் ஓர் எல்லைக் கல் நட்டோம். செல்வரத்தினம் மாஸ்டர் கொப்பியோடு நின்றார், பக்கத்தில் நாகேந்திரம்.

இளம் சேவையர்மாருக்கு நான் சொல்வது இவ்வளவுதான். உங்கள் ஆளுக்காக அளக்கும்போது மற்றவனுக்காக அளப்பதைவிடக் கறாராக அளக்கவேண்டும். அப்படி அளந்ததை ஒருவன் செல்லாது என்றால், கெஞ்சவேண்டாம். கையெழுத்து வைத்துக் கல்லை நடுங்கள்.

அன்று நாகேந்திரம் கல்லைக் காலால் மிதித்து இறுக்கினார். பிறகு ஏ புள்ளிக்கு நடந்து போய், அங்கே நின்று கல்லைப் பார்த்தார்.

"எண்பத்திமூண்டிலை கூப்பிடாத முறை இது ஐயா" என்றார். "நான் என்ரை முறையை எறிஞ்சிட்டன். இனி அவையள் வந்து அளக்கட்டும்."