வீட்டுக்காரர் பெயர் தெரியாதவள்

ஐந்தாம் வகுப்புப் பெண்களுக்காகக் கரும்பலகையில் 'கண்ணாடி' என்று எழுதிக்கொண்டிருந்தேன். மூன்று சுழி போட வேண்டிய இடத்தில் இரண்டுதான் விழுந்தது. "டீச்சர், ஒரு சுழி குறையுது" என்றாள் முதல் பெஞ்சில் இருந்தவள். அழித்துவிட்டு எழுதினேன். மறுபடியும் இரண்டு. மூன்றாம் முறை சாக்குக்கட்டி கையைவிட்டு நழுவியது. எடுக்கக் குனிந்தேன், நானும் அதன் பக்கத்திலேயே விழுந்தேன்.

சாந்தோமில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் இருபத்தெட்டு வருஷமாகச் சுழியைக் குறைத்தவர்களின் காதைத் திருகி வந்தவள் நான். ஆகையால் வகுப்பு முதலில் சிரித்ததற்கு நான் யாரையும் கோபித்துக்கொள்ள முடியாது.

வந்தது பாரிசவாயு (மூளைக்குப் போகும் ரத்தம் தடைப்பட்டு, உடம்பின் ஒரு பக்கம் செயலற்றுப் போவது). வலது கை, வலது கால், வாயின் ஒரு ஓரம். எனக்கு அப்போது ஐம்பத்து மூன்று வயது. ஜப்பான்காரன் குண்டுக்குப் பயந்து ஊரைவிட்டுப் போனவர்கள் திரும்பி வந்து, பட்டணம் மறுபடி சந்தடியாகியிருந்த சமயம். அந்த அமளியிலும் லீவு எடுக்காதவளை ஓர் எழுத்து படுக்க வைத்துவிட்டது.

இதே வியாதி உங்களுக்கோ உங்கள் வீட்டில் ஒருவருக்கோ வந்திருக்கலாம் என்றுதான் எழுதுகிறேன். வைத்தியம் சொல்ல எனக்குத் தகுதியில்லை. என் நோயில் பாதி உடம்பில் இருந்தது, மீதி ஒரு காகிதத்தில் இருந்தது. காகிதத்தில் இருந்ததுதான் என்னை அதிகம் படுத்தியது.

ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்தவர் ஓர் ஆங்கிலோ இந்திய டாக்டர். பொறுமைசாலி. தமிழ் சரளமாகப் பேசுவார். ஆனால் அது அவர் வீட்டுச் சமையற்காரரிடம் கற்ற தமிழ். "கைய தூக்கும்மா", "இது இன்னா மாசம்?" என்று வரிசையாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் வாய் குழறினாலும் பதில் சொன்னேன். கடைசியில் கேட்டார்: "உன் ஊட்டுக்காரர் பேர் இன்னா?"

கல்யாணமாகி முப்பத்தொரு வருஷத்தில் அந்தப் பெயரை நான் ஒரு தடவைகூட உச்சரித்ததில்லை. புருஷன் பெயரைச் சொன்னால் அவருக்கு ஆயுசு குறையும் என்று சொல்லி வளர்க்கப்பட்டவள். கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்து எத்தனையோ தலைமுறை ஆகியும் எங்கள் சனம் இதை மட்டும் விடவில்லை. அதிலும் என் சங்கடம் பெரிது. என் வீட்டுக்காரருக்கு வைத்திருப்பது, சேசுநாதரை வளர்த்த தகப்பனாரின் பெயர். வீட்டில் ஜெபம் சொல்லும்போது "சேசு, மரி" என்பதுவரை சத்தமாகச் சொல்லிவிட்டு, மூன்றாவது பெயர் வரும் இடத்தில் இருமுவேன். அம்மாவுக்கு நெஞ்சில் தீராத சளி என்று நம்பியே என் பிள்ளைகள் வளர்ந்தார்கள்.

டாக்டர் கேட்டபோது என் வீட்டுக்காரர் மருந்து வாங்கப் போயிருந்தார். பக்கத்தில் இருந்திருந்தால் தானே முந்திக்கொண்டு சொல்லியிருப்பார், அதுதான் வழக்கம். எனக்கு வேறு வழி தோன்றவில்லை. "தேவமாதாவோட பர்த்தா பேரு" என்று குறிப்புக் கொடுத்தேன். டாக்டர் திரும்பக் கேட்டார். நானும் திரும்ப அதையே சொன்னேன்.

"சாமி பேச்சே பேசிக்கினு கீறியேம்மா. சரி, தூங்கு" என்று தோளைத் தட்டிக்கொடுத்தார். பிறகு காகிதத்தில் இங்கிலீஷில் எழுதினார்: புத்தி தெளிவில்லை, கணவன் பெயரும் நினைவில்லை.

அந்தக் காகிதம் பள்ளிக்கூடத்துக்குப் போயிற்று. எங்கள் தலைமை ஆசிரியையான கன்னியாஸ்திரீ மதர் என் படுக்கையருகே வந்து உட்கார்ந்தார். "நினைவு தப்பினவங்க பொறுப்புல பிள்ளைங்கள எப்படி விடுறது, ரோசம்மா? ஜூன்லேர்ந்து வேற டீச்சர் பாத்துக்கட்டும். நீங்க நிம்மதியா வீட்ல இருங்க."

நான் ஓய்வு பெற இரண்டு வருஷம் இருந்தது. அந்த இரண்டு வருஷத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. கை போய்விட்டது என்று அனுப்பியிருந்தால் அழுதுவிட்டு அடங்கியிருப்பேன். புத்தி கெட்டவள் என்று அனுப்புவதைத் தாங்க முடியவில்லை.

"அந்தப் பேரு எனக்குத் தெரியும், மதர்."

"அப்ப சொல்லுங்க."

சொல்ல முடியவில்லை. என் வீட்டுக்காரரோ கட்டில் காலடியில் நின்றுகொண்டிருந்தார். "எம் பேரு அவளுக்கு நல்லாத் தெரியும், மதர். நான் சாட்சி" என்றார். மதருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் காகிதம் காகிதம்தான். மே மாதக் கடைசியில் அதே டாக்டர் பார்த்து மாற்றி எழுதிக் கொடுத்தால் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு நாளையும் வீணாக்கவில்லை. ஒரு கிண்ணத்திலிருந்து இன்னொரு கிண்ணத்துக்குப் புளியங்கொட்டைகளை ஒவ்வொன்றாக வலது கையால் எடுத்துப் போட்டேன். முதல் வாரம் எல்லாம் தரையில் உருண்டன. விடிந்ததும் கடற்கரை மணலில் நடந்தேன். தபாலாபீஸ் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற அவர், பக்கத்தில் குடையோடு வருவார். எனக்கு ரத்தக் கொதிப்பு (ரத்தம் குழாய்களை அளவுக்கு மீறி அழுத்துவது) இருந்ததால் உப்பைக் குறைக்கச் சொல்லியிருந்தார்கள். அவரும் அதே உப்பில்லாக் குழம்பைத்தான் சாப்பிட்டார். நன்றாயிருக்கிறது என்று பொய் சொன்னதில்லை. மறுசோறு மட்டும் கேட்டு வாங்கிக்கொள்வார்.

ஏப்ரலில் விரல்கள் மடங்கின. மே மாதம் தோசை திருப்பினேன். நாக்குதான் பிடிவாதம் பிடித்தது. யாரும் இல்லாத நேரத்தில் சமையற்கட்டில் நின்று அந்தப் பெயரின் முதல் எழுத்தைச் சொல்வேன், வியர்த்துவிடும். நீங்கள் சிரிக்கலாம். பூகோளமும் சுகாதாரமும் சொல்லிக்கொடுக்கிறவள் இப்படிப் பயப்படலாமா என்று எனக்கே வெட்கமாக இருந்தது. ஆனால் படுக்கையில் கிடந்த நாட்களில் என்னைத் தூக்கி உட்காரவைத்த மனிதர் அவர். அவர் ஆயுசோடு விளையாட நான் தயாராக இல்லை.

ஒருநாள் மணலில் நடக்கும்போது கேட்டேவிட்டேன். "நான் சொல்லி, உங்களுக்கு ஏதாவது ஆயிடுச்சுன்னா?"

"நீ சொல்லாமலேயே என் தலைமுடியெல்லாம் போயிடுச்சு. சொல்லித்தான் பாரேன்" என்றார். கொஞ்ச தூரம் போனபின் நின்றார். "உன் வேலை போச்சுன்னா நீ வீட்ல எப்படி இருப்பேன்னு எனக்குத் தெரியும், ரோசம்மா. அதுலதான் என் ஆயுசு குறையும்."

மே மாதக் கடைசி வாரம் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அவரை வெளியே தாழ்வாரத்துப் பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டார்கள். டாக்டர் கையைப் பிடித்துப் பார்த்தார், நடக்கச் சொன்னார், நூறிலிருந்து பின்னோக்கி எண்ணச் சொன்னார். பழைய காகிதத்தைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தார்.

"உன் ஊட்டுக்காரர் பேர் இன்னா?"

மேஜை விளிம்பை வலது கையால் பிடித்துக்கொண்டேன். வகுப்பின் கடைசி பெஞ்சுக்குக் கேட்கிற குரலில்தான் எனக்குப் பேசத் தெரியும். அந்தக் குரலிலேயே சொன்னேன்.

"சூசைமாணிக்கம்."

கதவு திறந்தது. குடையைக் கீழே போட்டுவிட்டு அவர் வாசலில் நின்றார். "என்ன ரோசம்மா? என்ன ஆச்சு?" என்றார். மூச்சு வாங்கியது. அப்புறம்தான் அவருக்கே புரிந்தது. என்னைப் பார்த்தார், டாக்டரைப் பார்த்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

டாக்டர் காகிதத்தில் எழுதிக்கொண்டே, "போன தபா ஏன் சொல்லலே?" என்று கேட்டார். என் வீட்டுக்காரரே எங்கள் வழக்கத்தை விளக்கிச் சொன்னார். டாக்டர் பேனாவை வைத்துவிட்டு வெகுநேரம் சிரித்தார்.

ஜூனில் வகுப்புக்குத் திரும்பினேன். இப்போது சாயங்காலமானால் வலது கால் கொஞ்சம் இழுக்கும். கரும்பலகையில் ஒரு பாடம் எழுத முன்பைவிட இரண்டு மடங்கு நேரமாகிறது, பெண்கள் பழகிக்கொண்டார்கள். முன்பெல்லாம் உடம்பு என்பது நான் கேட்காமலே வேலை செய்யும் ஒன்று. இப்போது தினமும் கேட்டுத்தான் வாங்கிக்கொள்கிறேன். வருஷக் கணக்கில் யோசிப்பதை விட்டுவிட்டேன். இந்த வாரத்துப் பாடம் இந்த வாரம் முடிந்தால் போதும்.

விடியற்காலையில் விழித்ததும் விரல்களை மடக்கிப் பார்ப்பேன். காலை நீட்டிப் பார்ப்பேன். பிறகு, தேகப்பயிற்சியில் சேர்த்தி என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு, அந்தப் பெயரை ஒரு தரம் மெதுவாகச் சொல்லிப் பார்ப்பேன். பக்கத்தில் அவர் கண்ணை மூடிக்கொண்டு அசையாமல் படுத்திருப்பார். விழித்துக்கொண்டுதான் இருக்கிறார் என்று எனக்குத் தெரியும்.