பெட்டியில் நான் போட்ட கேள்வி

மாலை நான்கு இருபத்தைந்துக்கு என் மகள் என்னிடம் தமிழில் பேசினாள். ஏதோ சரியில்லை என்று அப்போதே தெரிந்துவிட்டது. வீட்டில் நாங்கள் சௌராஷ்டிரம் பேசுகிறவர்கள். சண்டை போட்டாலும் அதில்தான். பயம் வந்தால் மட்டும் அவள் தமிழுக்கு மாறிவிடுவாள். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

"அம்மா, டாக்டர் பரவைகிட்ட மாட்டிக்கிட்டாங்களாம். மார்க்கெட்டுக்கு முன்னாடி லாரி கவுந்து கெடக்காம். ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகுமாம்."

பல்கலைக்கழக உளவியல் துறையின் கூடத்தில் கடைசியிலிருந்து மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். பேச்சு நான்கரைக்குத் தொடங்க வேண்டும். திண்டுக்கல்லிலிருந்து ஒரு மனநல மருத்துவர் வந்து "பிள்ளைகளின் மனம், பெற்றோரின் கவலை" என்று பேசுவதாக வாசலில் பேனர் கட்டியிருந்தார்கள். அன்று நிகழ்ச்சியை நடத்தும் பொறுப்பு முழுக்க என் மகளுடையது. முதுகலை இரண்டாம் ஆண்டு. மேடையில் ஏறுவது அதுதான் முதல் தடவை. துறைத்தலைவர் வெளியூரில் இருந்தார். தொலைபேசியில், "ஒத்தி வச்சுரும்மா, ஒண்ணும் தப்பில்ல" என்று சொல்லிவிட்டாராம்.

"நீ என்ன சொன்ன?" என்று கேட்டேன்.

"மேலூர்லேர்ந்தெல்லாம் ஆளுங்க ரெண்டு பஸ் மாறி வந்திருக்காங்க, சார். எப்படி அனுப்புறதுன்னு கேட்டேன்."

அவள் உதடுகள் வெளுத்திருந்தன. நான் முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொள்ளப் பார்த்தேன். அது எனக்கு வராத காரியம். முன்வரிசையில் உட்காரவே கூடாது, என் முகத்தைப் பார்த்தால் பேச்சு நின்றுவிடும் என்று அவள் காலையிலேயே கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்.

இந்தக் கூட்டங்களுக்கு நான் வரத் தொடங்கி நான்கு வருடமாகிறது. மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை, அனுமதி இலவசம். தூக்கம், பரீட்சை பயம், செல்போன், முதுமை, கோபம் என்று எதைப் பற்றியாவது யாராவது பேசுவார்கள். மின்விசிறிச் சத்தத்தில் பாதி கேட்காது. முடிந்ததும் டீயும் முறுக்கும் கிடைக்கும். நான் வரத் தொடங்கிய வருடம்தான் என் மகள் இளங்கலைக் கடைசிப் பரீட்சையின் பாதியில் எழுந்து வீட்டுக்கு வந்து, தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். அப்புறம் ஒரு வருடம் அவள் வெளியே வரவில்லை. மருத்துவர், மாத்திரை, கோயில் என்று எல்லாம் பார்த்தோம். அதற்கிடையில் இந்தக் கூட்டங்கள்தான் எனக்கு மூச்சு விட ஓர் இடமாக இருந்தன. சொன்னதெல்லாம் புரிந்ததா என்றால் இல்லை. ஆனால் சுற்றி உட்கார்ந்திருக்கும் ஐம்பது பேரும் ஏதோ ஒன்றை வீட்டில் வைத்துவிட்டு வந்தவர்கள் என்பது ஆறுதலாக இருக்கும். ஒரு சனிக்கிழமை, நானும் வருகிறேன் என்று அவளே செருப்பைப் போட்டுக்கொண்டு நின்றாள். பிறகு விட்ட பரீட்சையை எழுதினாள். இந்தத் துறையிலேயே சேர்ந்தாள்.

இங்கே ஒரு வழக்கம் உண்டு. கேள்வி கேட்க யாரும் எழுந்து நிற்க வேண்டாம். வாசலில் ஆளுக்கொரு துண்டுச்சீட்டு தருவார்கள். பெயர் போடாமல் எழுதி, பூட்டிய மரப்பெட்டியில் போட்டுவிட வேண்டும். பேச்சு முடிந்ததும் பேச்சாளரே பெட்டியைத் திறந்து, படித்துப் பதில் சொல்வார். நான்கு வருடத்தில் நான் ஒருமுறையும் எழுதியதில்லை. அன்று எழுதினேன். எனக்கு அறிமுகமில்லாத மருத்துவர் படிக்கப்போகிறார் என்ற தைரியம்தான்.

மகள் மேடையேறினாள். மைக்கைத் தட்டிப் பார்த்தாள். மருத்துவர் தாமதமாகும் விஷயத்தைச் சொன்னாள். அப்புறம் சொன்னதுதான் என்னைத் தூக்கிவாரிப்போட்டது.

"அவங்க வர்ற வரைக்கும் சும்மா இருக்க வேணாம். இன்னைக்கு மட்டும் பெட்டிய மொதல்லயே தொறப்போம். நான் படிக்கிறேன். பதில் தெரிஞ்சவங்க உக்காந்த எடத்துலேர்ந்தே சொல்லுங்க."

எழுந்து வாசலுக்கு ஓடினேன். பெட்டி இன்னும் அங்கேதான் இருந்தது. பக்கத்தில் துறையின் உதவியாளர், என் வயதுப் பெண்மணி, சாவிக்கொத்தோடு நின்றிருந்தார்.

"அக்கா, என் சீட்ட மட்டும் எடுத்துக்கிறேன். தப்பா எழுதிட்டேன்."

"தப்பா எழுதுனா என்னக்கா, இது என்ன பரீட்சையா?"

"இல்லக்கா, அவசரம்."

"உங்களுதுன்னு எடுக்கணும்னா மத்தவங்களுதையும் பிரிக்கணும்ல? அது கூடாதுக்கா. எங்க தலைவரே கேட்டாலும் தர மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் பெட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு மேடைக்குப் போய்விட்டார்.

என் இடத்துக்கே திரும்பி வந்து உட்கார்ந்தேன். நான் பள்ளி ஆசிரியை. என் கைப்பையில் சிவப்பு மைப் பேனா தவிர வேறு பேனா கிடையாது. அத்தனை சீட்டுகளில் சிவப்பு மையில் இருக்கப்போவது என்னுடையது மட்டும்தான்.

அதில் இப்படி எழுதியிருந்தேன்: 'என் மகள் ஒரு வருடம் அறையை விட்டு வரவில்லை. இப்போது நன்றாக இருக்கிறாள். ஆனாலும் அவள் கதவைச் சாத்தினால் எனக்கு நெஞ்சை அடைக்கிறது. அவள் சரியாகிவிட்டாள் என்று நான் எப்படி நம்புவது?'

நான் நம்புகிறேன் என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். அந்த நினைப்பின் மேல் கால் வைத்துத்தான் அவள் எழுந்து வந்தாள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். இவ்வளவு பேர் முன்னால், மைக்கைப் பிடித்துக்கொண்டு, அம்மா தன்னை நம்பவில்லை என்று அவள் படிக்கப்போகிறாள்.

முதல் சீட்டு, மகன் செல்போனைக் கீழே வைப்பதில்லை என்றது. "எங்க வீட்டுல எம் பொண்டாட்டியே வைக்கிறதில்ல" என்றார் என் பக்கத்தில் இருந்த மேலூர்க்காரர். கூடம் சிரித்தது. அடுத்தது, பன்னிரண்டாம் வகுப்புப் பெண் சாப்பிடுவதில்லை என்பது. பின்னாலிருந்து ஓர் அம்மா, "கூட உக்காந்து நீங்க சாப்பிடுறீகளா? இல்ல, தட்ட வச்சுட்டு அடுப்படிக்குப் போயிருறீகளா?" என்று கேட்டார். முன்னால் யாரோ தலையைக் குனிந்துகொண்டார்கள். மகளின் குரல் மெல்லத் தெளிந்தது. ஒரு கேள்விக்கு, "இதுக்கு எனக்குப் பதில் தெரியல. டாக்டர் வரட்டும்" என்று தனியாக எடுத்து வைத்தாள். நன்றாகத்தான் செய்தாள். என்னால்தான் பார்க்க முடியவில்லை.

ஏழாவதோ எட்டாவதோ சீட்டைப் பிரித்துக் கண்ணருகே கொண்டுபோனாள். தாளின் பின்பக்கம் வழியாகச் சிவப்பு தெரிந்தது. அவள் என் பக்கம் திரும்பவில்லை. நாற்காலியின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

ஒரு வார்த்தை விடாமல் முழுவதும் படித்தாள். குரல் ஓர் இடத்தில் இறங்கியது; உடையவில்லை.

"இத எழுதுனவங்க யாருன்னு தேடக் கூடாது. அதான் இங்க விதி" என்றாள். "ஆனா அந்தப் பொண்ணு பக்கத்துலேர்ந்து ஒண்ணு சொல்லலாம்னு நெனைக்கிறேன். கதவச் சாத்துறது நெறைய நேரம் டிரெஸ் மாத்தத்தான்."

கூடம் குலுங்கிச் சிரித்தது. நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். கன்னம் நனைந்திருந்தது.

"பயமா இருந்துச்சுன்னா கதவத் தட்டிக் கேளுங்க. வெளிய நின்னு ஒட்டுக் கேக்காதீங்க. உங்க வளையல் சத்தம் உள்ள கேக்கும். அந்தப் பொண்ணுக்கு அது எப்பவோ தெரியும். நீங்க நம்பலங்கிறதும் தெரியும். தெரிஞ்சுக்கிட்டேதான் எந்திரிச்சு வந்திருக்கா. அவளுக்கும் சில நாள் நம்பிக்கை இல்லதான். எம்புட்டு நாளைக்கு நல்லா இருப்போம்னு அவளுக்கே தெரியாது. இன்னைக்கு நல்லா இருக்கா."

மேலூர்க்காரர் என்னிடம் குனிந்து, "புள்ள வெவரமாச் சொல்லுச்சு. உங்களுக்கு வெளங்குச்சாக்கா?" என்று கேட்டார். தலையை மட்டும் ஆட்டினேன்.

அந்த ஒரு நிமிடம் வேறு மாதிரி போயிருக்கலாம் என்பதை என்னால் இன்னும் தள்ளி வைக்க முடியவில்லை.

அவள் அடுத்த சீட்டைப் பிரிக்கும்போது கதவு திறந்தது. வியர்த்துப்போய், புடவைக் கொசுவத்தை ஒரு கையில் தூக்கிப் பிடித்தபடி மருத்துவர் வந்தார். லாரியைச் சுற்றிக்கொண்டு நடந்து வந்து, அப்புறம் ஆட்டோ பிடித்திருக்கிறார். மகள் உடனே மைக்கை நீட்டிக்கொண்டு மேடையின் ஓரத்துக்கு வந்தாள். மருத்துவர் அங்கேயே நிற்கச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டு, என் வரிசையில் காலியாக இருந்த நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"மிச்சச் சீட்டையும் நீயே முடிம்மா, நல்லாத்தான போய்க்கிட்டிருக்கு" என்றார். "எனக்கு மொதல்ல ஒரு டீ குடுக்கச் சொல்லு."