கத்திரிக்காய்க்கு ஏது செவ்வாய்க்கிழமை

கணக்கு என்றால் எனக்குப் பயமே கிடையாது. ஆனால் அந்தப் புதிர்கள் இருக்கின்றனவே, அவை என்னை அழவைத்துவிட்டன. ஆறு பேர் ஒரு வட்ட மேஜையில் உட்காருகிறார்கள், டாக்டருக்குப் பக்கத்தில் நீதிபதி இல்லை, நீதிபதியின் மனைவி டாக்டருக்கு எதிரே என்று ஆரம்பிக்கும். வந்தோமா, சாப்பிட்டோமா, போனோமா என்று இல்லாமல் இந்த மனுஷர்களுக்கு இத்தனை வம்பு எதற்கு என்று பற்றிக்கொண்டு வரும்.

எரிச்சல்பட்டு என்ன செய்ய? சிங்கப்பூரில் சட்டம் படிக்க இடம் வேண்டுமென்றால் நுழைவுத் தேர்வு எழுதியாக வேண்டும், அதில் பாதி இந்தப் புதிர்கள்தான். அப்போது மலாயாவுக்குச் சுதந்திரம் வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. நான் சீனியர் கேம்பிரிட்ஜ் பரீட்சை முடித்துவிட்டு மலாக்கா டவுனில் ஒரு வக்கீல் ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்தேன். நாள் முழுக்க யாரோ பேசியதைத் தட்டித் தட்டி எனக்கு வெறுத்துப்போயிருந்தது. நான் பேச வேண்டும், அதை இன்னொருத்தர் உட்கார்ந்து தட்ட வேண்டும் என்று ஒரே வெறி.

அப்பா ஒரு கிட்டங்கியில் கிராணி, சரக்குக் கணக்கு எழுதும் குமாஸ்தா. வீட்டில் அவர் வாயிலிருந்து வார்த்தையை வாங்குவது லேசில்லை. சட்டம் படிக்கப் போகிறேன் என்று சொன்னபோது, வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. அம்மாதான் முடிவாகச் சொன்னாள்.

"இந்த ஒரு தடவை எழுது. கிடைக்கலைன்னா வாயை மூடிக்கிட்டுக் கழுத்தை நீட்டணும். அப்புறம் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு நிக்கக் கூடாது."

அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றும், எழுந்தால் நடக்கத் தோன்றும். ஆபீஸ் விட்டதும் பஸ் ஏறாமல் காஜா பெராங்கில் இருந்த வீடு வரைக்கும் வெயிலில் நடந்தே வருவேன். நகத்தைக் கடித்துக் கடித்து விரல் எரியும்.

ஆபீசில் என் பக்கத்து மேஜைக்காரி மலாக்கா செட்டி சமூகத்துப் பெண், எத்தனையோ தலைமுறைக்கு முன் இங்கே வந்து மலாய் பேசப் பழகிவிட்ட தமிழர்கள் அவர்கள். காஜா பெராங்கிலேயே எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளித்தான் அவள் வீடும். கெபாயா என்கிற மலாய்ச் சட்டை போட்டுக்கொண்டு, மலாய் பேசிக்கொண்டு, நெற்றியில் திருநீற்றோடு வருவாள். தமிழ் என்றால் சாமி பெயரும் சாப்பாட்டுப் பெயரும்தான் தெரியும். நாங்கள் பேசிக்கொள்வதெல்லாம் மலாயில். தேர்வு எழுதும் ஆசை அவளுக்குத் துளியும் இல்லை, ஆனால் என்னைச் சீண்டுவதில் அலாதி ஆசை. பழைய புத்தகக் கடையில் நான் வாங்கிய புதிர்ப் புத்தகத்தை அவள் வைத்துக்கொள்வாள். நான் விடை சொல்ல வேண்டும், பின்பக்கத்தைப் பார்த்து அவள் சரியா தப்பா என்பாள். பெரும்பாலும் தப்புதான்.

ஒரு புதிரில் ஐந்து பேர் திங்கள் முதல் வெள்ளி வரை, நாளுக்கு ஒருவராக ஊருக்குக் கிளம்ப வேண்டும். அதில் ஒருத்தி புதுமணப்பெண். எப்படிப் போட்டாலும் எனக்கு நாள் இடித்தது. கடைசியில் புத்தகத்தைத் தூக்கி அடித்தேன்.

அவள் நிதானமாக அதைப் பொறுக்கிக்கொண்டு வந்து, "செவ்வாய்க்கிழமை காலியாத்தானே இருக்கு, அவளை அதுல போடேன்" என்றாள்.

"உனக்கென்ன பைத்தியமா? புதுப்பொண்ணை எவளாவது செவ்வாய்க்கிழமை அனுப்புவாளா?"

"மானா துலிஸ்?" என்றாள். எங்கே எழுதியிருக்கு என்று அர்த்தம். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எங்கேயும் எழுதியிருக்கவில்லை.

அட கடவுளே, நான் இத்தனை நாளும் செய்துகொண்டிருந்தது இதைத்தானா! பழைய தாள்களை எடுத்துப் பார்த்தால் எல்லாவற்றிலும் இதே கூத்து. வட்ட மேஜையில் ஆண்களை ஒரு பக்கமும் பெண்களை ஒரு பக்கமும் உட்காரவைத்திருக்கிறேன், என்னவோ கல்யாணப் பந்தி மாதிரி. வயதானவரை எல்லா வரிசையிலும் முதலில் நிறுத்தியிருக்கிறேன். கேட்டவன் நாலு நிபந்தனை கொடுத்தால், நான் என் கையிலிருந்து பத்து நிபந்தனை போட்டுக்கொண்டு முட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அவளும் ஒன்றும் பெரிய புத்திசாலி இல்லை. மூன்று சகோதரிகளில் யாருக்கு முதலில் கல்யாணம் என்று ஒரு புதிர் வந்தது. மூத்தவளுக்குத்தான், இதிலென்ன சந்தேகம் என்று இரண்டு பேரும் ஒரே குரலில் சொன்னோம். பின்பக்கத்தில் கடைக்குட்டி என்று போட்டிருந்தது. "அந்த வீட்டு அம்மா என்ன செஞ்சிட்டிருந்தாளாம்?" என்று அவள் கோபமாகக் கேட்டாள். நான் சிரித்த சிரிப்பில் வக்கீல் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார்.

தப்பு தெரிந்துவிட்டது, ஆனால் தெரிந்தால் மட்டும் போதுமா? மனைவி என்று படித்தால் கை தானாகக் கணவனுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தது. அதனால் மனுஷர்களையே எடுத்துவிடுவது என்று முடிவு செய்தேன். பசாரிலிருந்து வந்த காய்கறிக் கூடையைச் சமையலறைத் தரையில் கொட்டினேன். டாக்டர் இனிமேல் கத்திரிக்காய். நீதிபதி முருங்கைக்காய். அவர் மனைவி தக்காளி. கத்திரிக்காய்க்கு மாமியார் கிடையாது, தக்காளிக்குச் செவ்வாய்க்கிழமை ஆகாது என்பதும் கிடையாது. எங்கே வைத்தாலும் பேசாமல் இருக்கும்.

அப்புறம்தான் வேலை நடந்தது. முதலில் எழுதியிருப்பதை மட்டும் எடுத்து வைப்பேன். யாருக்கு நிபந்தனை அதிகமோ அந்தக் காய்க்கு முதலில் இடம். ஒரு காய்க்கு இரண்டு இடம் சரிப்பட்டால், இரண்டையும் போட்டுப் பார்த்து இடிக்கிறதைத் தள்ளுவேன். அவசரப்பட்டு ஊகிக்க மாட்டேன். அம்மாதான் தலையில் அடித்துக்கொண்டாள். "கல்யாண வயசுல சொப்பு விளையாட்டு விளையாடுதே!" என்று சொல்லிக்கொண்டே நான் பார்க்காத நேரத்தில் நீதிபதியைச் சாம்பாரில் போட்டுவிட்டாள். கொஞ்ச நாளில் காய்கூட வேண்டியிருக்கவில்லை. தாளில் ஓர் எழுத்தைப் போட்டாலே போதும் என்றாகிவிட்டது. ஆனால் படபடப்பு மட்டும் போகவில்லை. சரியாக வந்தால், இது எப்படிச் சரியாக வந்தது என்று அதற்கும் ஒரு பயம்.

தேர்வை மலாக்காவிலேயே ஒரு பள்ளிக்கூடத்தில் வைத்தார்கள். எழுதிவிட்டு வந்தேன். எப்படி எழுதினேன் என்று அப்பா கேட்கவில்லை. பிறகு இடம் கிடைத்துவிட்டதாகத் தகவல் வந்தது. பக்கத்து மேஜைக்காரி ஆபீசென்றும் பார்க்காமல் என்னைக் கட்டிக்கொண்டு குதித்தாள். வீட்டில் சொன்னேன். அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா "பார்ப்போம்" என்றார், அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு நான் எத்தனை நாள் புழுங்கினேன் என்று எனக்குத்தான் தெரியும்.

அதற்குள் அம்மா ஒரு மாப்பிள்ளை வீட்டாரை வரச் சொல்லிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை சிரம்பானிலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளை தலையைக் குனிந்தபடி இருந்தார், பேசியதெல்லாம் அவர் அம்மாதான். நான் காப்பித் தட்டோடு போய் நின்றேன்.

"பொண்ணு படிக்கணும்னு ஆசைப்படுதாமே. தாராளமா படிக்கட்டும். நாங்க என்ன தடுக்கிற ஆளுங்களா?" என்றார் அந்த அம்மா. எனக்கு ஒரு நிமிஷம் உயிர் வந்தது.

அடுத்து, "கல்யாணத்தைத் தையிலேயே வெச்சுக்கலாம்" என்றார். காப்பியை ஒரு வாய் குடித்துவிட்டு, "ஒண்ணே ஒண்ணுதான். கல்யாணம் ஆன பொண்ணு புருஷன் வீட்டை விட்டு ஒரு ராத்திரிகூட வெளியே தங்கக் கூடாது. அது எங்க குடும்பத்து வழக்கம்" என்றார்.

எல்லாரும் தலையாட்டினார்கள். அம்மாவும் ஆட்டினாள். நான் காப்பித் தட்டைக் கீழே வைத்தேன். வாய் நிற்கவில்லை.

"நீங்க மூணு சொன்னீங்கம்மா. நான் படிக்கலாம். தையில கல்யாணம். அதுக்கப்புறம் ஒரு ராத்திரிகூட வெளியே தங்கக் கூடாது. படிப்பு சிங்கப்பூர்ல, நாலு வருஷம். மூணும் ஒண்ணா நிக்காது. எதை எடுத்துடலாம்னு சொல்லுங்க."

அம்மா என் தொடையில் கிள்ளிய கிள்ளில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மாப்பிள்ளை முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தார். அவர் அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது.

"இப்பவே என்னமா வாயாடுது பாருங்க!" என்று அப்பாவிடம் திரும்பினார்.

தொலைந்தேன் என்று நினைத்தேன். சபையில் அப்பா என்னைத் திட்டப் போகிறார், அதோடு எல்லாம் முடிந்தது என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"புள்ள கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க" என்றார் அப்பா.

அந்த அம்மா டம்ளரை நங்கென்று வைத்தார். "இதுல கேக்க என்ன இருக்கு? படிப்பைத்தான் எடுக்கணும்!"

"அப்போ நாங்க கல்யாணத்தை எடுத்துடறோம்" என்று சொல்லிவிட்டு, அப்பா மிச்சக் காப்பியைக் குடித்தார்.